அம்மை போட்ட வீட்டில் நான் தாண்டிய வாசல்

போன வருஷம் குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்த என் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது.

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், சீசன் வந்தால் சொந்தக்காரர்களுக்கு நம் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட போன் போட்டு, "என்ன, அருவியில தண்ணி விழுதா?" என்று நலம் விசாரிப்பார்கள். அந்தத் தடவையும் மதுரையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கேட்டில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அம்மைக்கு நன்றி சொன்னேன்.

என் மாமியார் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற குடும்பத்தில் பிறந்தவர்கள். அம்மை என்றால் அவர்களுக்கு வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது. நானோ முதல் நாளே குழந்தைகள் டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கலாமைன் லோஷன் தடவுங்கள், காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள், விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் அந்த அம்மா. அத்தை முணுமுணுத்தார்கள். லோஷனுக்கு மட்டும் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். சாமிக்குச் சந்தனம் பூசுகிற மாதிரிதானே இருக்கு என்று தாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள்.

நமைச்சல் என்றால் அப்படி ஒரு நமைச்சல். பிள்ளை படுக்கையில் புழுவாய்த் துடித்தாள். கையில் சாக்ஸ் மாட்டிவிட்டால் பல்லால் கடித்து உருவிவிடுவாள். கடைசியில் நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். அதற்கு முந்தின வருஷம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டம் பார்த்திருந்தாள். அவள் உடம்புதான் அந்தத் தோட்டம், ஒவ்வொரு முத்தும் ஒரு மொட்டு, நான் தோட்டக்காரர். வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடி, "தண்ணி பாய்ச்சுதேன், தண்ணி பாய்ச்சுதேன்" என்பேன். பூவைக் கிள்ளினால் தோட்டக்காரர் வைவார் என்பது சட்டம். பிள்ளை கையை இறுக்கி மூடிக்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றுவாள். அப்படியே தூங்கியும் போவாள்.

நடுவில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது.

மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய கெடுபிடி கிடையாது. பூஜை அறைக்குள் போகாமல் இருந்தால் போதும். ஆனால் அம்மன் வந்திருக்கும்போது வீடு முழுக்கவே பூஜை அறை. தீட்டுக்காரி பிள்ளை கண்ணிலேயே படக் கூடாது. மறைத்திருக்கலாம். என் அக்காகூட போனில், "வாயைத் திறக்காதடி, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். எனக்கு மறைக்கப் பிடிக்கவில்லை. திருட்டுத்தனம் பண்ணுகிற மாதிரி நான் என்ன செய்துவிட்டேன்? அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன்.

அவர்கள் மாடி அறையைக் காட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வீம்பு பேசுகிற எனக்கே அன்றைக்குப் படியேறும்போது பயமாகத்தான் இருந்தது. நம்மால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான். அதை ஊட்டி ஊட்டித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

கீழே பிள்ளை கூப்பிடுகிற சத்தம் மாடிக்கு நன்றாகக் கேட்டது. அத்தையும் சும்மா இருக்கவில்லை. அந்த வயதில் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, வேப்பிலையை எடுத்து என்னைப் போலவே வருடிப் பார்த்தார்கள். "நீ தோட்டக்காரர் இல்ல, போ" என்று இவள் தட்டிவிட்டாள். ஆலங்குளத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து பாதிப் படியில் நின்றுகொண்டு, "ரெண்டு நாள்தான, அம்மா பாத்துக்குவாங்க" என்றார். ரெண்டு நாள் என்றால் என்னவென்று பிள்ளைக்கு யார் சொல்வது?

மறுநாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வீடியோ கால்! கீழே இருந்து மாடிக்கு. ஒரே வீட்டுக்குள், தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பிள்ளை போனில் பார்க்கிறாள். "அம்மா, நீ ஊருக்குப் போயிட்டியா?" என்று கேட்டாள். பிறகு திரையில் முகத்தை ஒட்டவைத்து, "இங்கன பாரு, பூவக் கிள்ளிட்டேன்" என்று காட்டினாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு முத்து கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. புறவாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு நேராக அறை வாசலுக்கு வந்தேன். அத்தை நிலையில் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏட்டி, மேல போ. உள்ள அம்மன் இருக்கால்லா."

"இருக்கட்டும் அத்தை. அவளும் பொம்பளதான. அவளுக்குத் தெரியாததா?"

"பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னாலதான்னு சொல்லுவேன், பாத்துக்க."

"சொல்லுங்க. தெருவுல நின்னு சொல்லுங்க. இப்ப கைய எடுங்க."

அவர்கள் கையை எடுக்கவில்லை. நான் குனிந்து அந்தக் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் இன்னும் மாடி அறைச் சுவர் தெரிந்துகொண்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்து, "தோட்டக்காரரே, ஏன் லேட்டு?" என்றாள். நான் அழுதுகொண்டே தண்ணீர் பாய்ச்சினேன்.

அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பூஜை அறையில் நின்று, "தாயே, அறியாத கழுத தெரியாமப் பண்ணிட்டா, பொறுத்துக்க" என்று அம்மனிடம் எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார்கள். தெரிந்துதான் பண்ணினேன் தாயே என்று நான் அறைக்குள்ளிருந்து திருத்தம் கொடுத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது.

நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவள். தொட்டால் கொதித்தாள். அத்தை அறை வாசலில் வந்து நின்றார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் தொட்டதால்தானோ? பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபோதுதான் புருவத்துக்கு மேலே இருந்த அந்தக் கிழிந்த முத்தைப் பார்த்தேன். சுற்றிலும் சிவந்து வீங்கி, நடுவில் சீழ் கோத்திருந்தது. டாக்டருக்கு போன் போட்டேன். மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாமல் ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட் வழியாக உடனே வரச் சொன்னார்.

"அம்மை எறங்காத பிள்ளைய வாசல விட்டு எறக்கக் கூடாதுட்டி" என்றார்கள் அத்தை.

"எறக்குதேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். உடனே செருப்பை உதறிவிட்டுக் கீழே இறங்கி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். சரி, இவர் ஏற்ற மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்தில், "அண்ணாச்சி, பிள்ளைக்கு அம்மை. எனக்கும் வீட்டு விலக்கு. ஏத்துவீங்களா, மாட்டீங்களா?" என்று அவரிடமே பாய்ந்தேன். முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையிடம் நடுத்தெருவில் இதைச் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அவர் வானத்தைப் பார்த்தார். "அதெல்லாம் நான் கேக்கலியே தாயி. மழ வந்துக்கிட்டிருக்கு. பிள்ளய நனையாம வச்சுக்கிட்டு ஏறுங்க" என்றார்.

வண்டி நகரப் போகும்போது, "நில்லுங்க, நில்லுங்க" என்று ஒரு குரல். அத்தை ஒரு கையில் குடையும் மறு கையில் வேப்பிலைக் கொத்துமாகச் செருப்பில்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஏறி, என் மேல் பட்டுவிடாமல் ஓரத்துக் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்தார்கள்.

வழியில் சாரல் வலுத்து அவர்கள் பக்கமாக அடித்தது. சேலை நனைந்தது. ஆட்டோ சீட்டில் எவ்வளவு இடம் இருக்கப் போகிறது? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் அவர்கள் தோள் என் தோளில் இடித்தது. அப்போது பிள்ளை புருவத்தைச் சொறியக் கையைக் கொண்டுபோனாள். அத்தை சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "பூவக் கிள்ளாத மக்களே, தோட்டக்காரரு வைவாரு" என்றார்கள். பிள்ளை கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டாக்டர் பார்த்தார். நகம் பட்டுக் கிழிந்த இடத்தில் கிருமி சேர்ந்துவிட்டது, காய்ச்சல் அதனால்தான், நல்லவேளை உடனே வந்தீர்கள் என்றார். மருந்து எழுதிக்கொடுத்தார். அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக மௌனம் காத்தேன் என்று எழுதினால் அது பொய். ஆட்டோவில் திரும்ப ஏறியதுமே கேட்டுவிட்டேன்: "நான் மாடியில இருந்தப்ப கிழிச்ச புண்ணு அத்தை. இப்பச் சொல்லுங்க, யாரால?" அத்தை, காற்றில் விலகியிருந்த துண்டை இழுத்துப் பிள்ளையை மூடினார்கள். என் முதுகையும் சேர்த்தே மூடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனார்கள். அது அவர்கள் நம்பிக்கை, போகட்டும். மருந்து வேளை தவறாமல் உள்ளே போனது. அறை வாசலை அதற்கப்புறம் யாரும் மறிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கி, புண்ணெல்லாம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைக்க வேண்டும். சீசன் நேரத்தில் தென்காசியில் வெயிலுக்கு எங்கே போவது? அத்தை அண்டாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலைத் துரத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

தோலெல்லாம் நன்றாகத் தேறியபின் பிள்ளையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். மதுரைக் கூட்டமும் விட்ட இடத்திலிருந்து ஆஜராகிவிட்டது. சிற்றருவியில் பெண்கள் பக்கம் ஈரத்தலையோடு நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, என் மகளின் புருவத்துக்கு மேலே இருந்த பள்ளத்தைத் தொட்டு, "அம்மன் வந்துட்டுப் போன அடையாளம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இல்ல பெரியம்மா, என்னைய மாடிக்கு அனுப்புன அடையாளம்" என்றேன். அவர் விழித்தபடி அத்தையைப் பார்த்தார். அத்தை பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆமா" என்றார்கள்.

அந்தத் தழும்பு இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் தலை வாரிவிடும்போது என் விரல் அதில் படும். என் மகளும் ஒருநாள் பெரியவளாவாள், அவளுக்கும் மாதாமாதம் அந்த நாட்கள் வரும். அப்போது இந்த வீட்டுக்கு எந்த அம்மன் வந்திருந்தாலும் சரி, என் பிள்ளையை மாடிக்குப் போகச் சொல்ல யாராவது கையை நீட்டினால், நிலையில் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நிற்கப் போவது நான்தான்.