எங்கள் வீட்டில் கூழ் குடித்த தூதர்

புதிதாக அச்சடித்த பிளெக்ஸ் பேனருக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் ரப்பரும் சேர்ந்து வெயிலில் வெந்த மாதிரி. சென்ற வாரம் காலை ஷிப்டுக்குப் போனபோது, ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில், அந்த வாசனையோடு ஒருவர் கைகூப்பி நின்றிருந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. 'மண்ணின் மைந்தர், மாண்புமிகு தூதர் அவர்களே, வருக வருக!' எங்கள் முதலாளிகள் எந்த நாட்டுக்காரர்களோ, அந்த நாட்டில் இவர்தான் நம் நாட்டுத் தூதராம். புதிய லைன் ஒன்றைத் திறந்துவைக்க வருகிறார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பேனரில் வேண்டிய அளவு பெரிதாகவே போட்டிருந்தார்கள்.

"இன்னாபா, அப்டியே நின்னுட்ட? சொந்தக்காரரா?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"எங்க வூட்ல கூழு குடிச்சிருக்காரு."

"அட்றா சக்க! அப்ப எனக்கு ஒரு செல்பி எடுத்துக் குடுக்கணும், சொல்லிட்டேன்."

நான் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வாசனை மட்டும் கூடவே வந்தது.

அதே வாசனையை நான் முதலில் முகர்ந்தது ஒரு நீலத் தார்ப்பாயில். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் இதே ஆளுக்குத்தான் வரவேற்பு. அவர் அரசு வக்கீல் ஆகிவிட்டார் என்று தெரிந்ததும் எங்கள் வடக்குப்பட்டு ஜனங்கள் அம்மன் கோயில் முன்னால் புதுத் தார்ப்பாய் கட்டி, ஆளுயர மாலை போட்டு, சரவெடி கொளுத்தினார்கள். 'நம்ம வக்கீலு கவர்மெண்டுக்குள்ளயே பூந்துட்டாரு, இனிமே எவன் நம்ம நெலத்தத் தொடுவான்?' என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிலத்தை எடுப்பது அரசாங்கம், அரசு வக்கீல் என்றால் அந்த அரசாங்கத்துக்காகப் பேசுகிறவர் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. வெட்டப் போகிறவன் கழுத்தில் ஆடே போய் மாலை போட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் ஊரில் அது பேண்டு வாத்தியத்தோடு நடந்தது.

ஜனங்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. அதற்கு முன்னால் அவர் இலவச சட்ட உதவி வக்கீலாக வந்தவர். இப்போது எங்கள் கம்பெனி இருக்கும் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்த நாட்களில், பழைய ஸ்கூட்டரை வரப்போரம் சாய்த்து நிறுத்திவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு எங்கள் வயலுக்குள் இறங்குவார். 'இன்னா அண்ணா, நல்லாக்கிறியா? மோட்டாரு ஓடுதா?' என்று எங்கள் பேச்சையே பேசுவார். பக்கத்துப் பென்னலூரில் ஒரு கைம்பெண்ணுக்கு நின்றுபோயிருந்த பென்ஷனை அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் என் கோபம் குறையுமா என்றால், கூடத்தான் செய்கிறது. நல்லது செய்யத் தெரியாதவர் என்று மன்னிக்கவும் வழியில்லாமல் போகிறதே.

எங்கள் வீடு மோட்டார் கொட்டகையாகப் பிறந்த வீடு. பெரியப்பாவோடு ஊருக்குள் பெரிய வீட்டில் இருந்த அப்பா, வீட்டைப் பெரியப்பாவுக்கு விட்டு, வயலைத் தன் பங்காக வாங்கிக்கொண்டு, எனக்குப் பல் முளைக்கும் முன்பே தனிக்குடித்தனமாக வயலுக்கு வந்துவிட்டார். நல்ல விளைச்சல் கண்ட வருஷத்தில் ஒரு சுவர் ஏறும், மழை பொய்த்த வருஷத்தில் அது அப்படியே நிற்கும். சமையலறைக்குச் சிவப்புச் சிமெண்ட் போட்ட அன்று, காய்வதற்குள் நான் ஓடிப்போய் மிதித்துவிட்டேன். அந்தக் கால்தடத்துக் குழியில்தான் அம்மா கோலமாவுக் கிண்ணத்தை வைப்பாள், ஆடாமல் நிற்கும் என்று.

குடியிருக்கும் வீடுகளை எடுக்க மாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். நிலம் போனால் போகட்டும், வீடு நிற்க வேண்டும். அப்பாவுக்கு அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வயலில் இருப்பது குடியிருக்கும் வீடுதான் என்று வழக்குப் போடச் சொன்னவரும், எழுதிக் கொடுத்தவரும் இதே வக்கீல்தான். கையெழுத்தை மட்டும் அவருடைய நண்பர் ஒருவர் போட்டார். 'ரெண்டு பேரும் ஒண்ணுதான் அண்ணா' என்றார். ஒரு பக்கத்துக்கு வேலை பார்த்த வக்கீல் அதே வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது என்று விதி இருப்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. காகிதப்படி பார்த்தால் அவர் ஒருநாளும் எங்கள் வக்கீலாக இருக்கவில்லை. எவ்வளவு சுத்தமான காகிதம்!

இந்த இடத்தில் என் கூத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆகவே வக்கீலாவேன் என்று முடிவு செய்துவிட்டேன். மாமாவின் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மாட்டுக் கொட்டகையில் எருமையைக் கூண்டில் நிறுத்தி, 'உண்மையைச் சொல்!' என்று அதட்டுவேன். அது அசை போட்டுக்கொண்டே இருக்கும். அதை அந்த எருமையிடம் அப்பா கற்றுக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அப்பாவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. அரசு வக்கீலான பிறகும் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்தார். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். அண்ணன் தம்பிகள் எத்தனை வீடாகப் பிரிந்தாலும், அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது பெரிய வீட்டு அடுப்பில்தான். அன்றைக்கு மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது, சுடுதண்ணீர்கூட வைக்கக் கூடாது. அதனால் அப்பா அவரைப் பெரிய வீட்டுக்கே அழைத்துப் போய் உட்கார வைத்தார். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், சுட்ட கருவாடு. இப்போது எழுதும்போதே நாக்கில் ஊறுகிறது, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"இன்னா அண்ணா, வயல் வூட்ல இன்னிக்கு அடுப்பே எரியலியே?" என்று கேட்டார் அவர், சாதாரணமாக.

"எரியக் கூடாது சார். சாமி அடுப்பு இங்கதான். எங்க போய் குடியிருந்தாலும் எங்களுக்குத் தலைவூடு இதான். நாளைக்கு நான் செத்தாக்கூட இங்கருந்துதான் எடுப்பாங்க." அப்பா இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்டியா!" என்று அவர் சொம்பை மறுபடி நீட்டினார். பெரியம்மா ஊற்றினாள். மீசையில் ஒட்டிய கூழைத் துடைத்துக்கொண்டு, 'இந்த மாதிரிக் கூழு எங்கயும் குடிச்சதில்ல' என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் அப்பாவைச் சாட்சி விசாரித்த அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். எங்கள் பக்கத்துக்கு அந்தக் கையெழுத்துக்கார நண்பர் எழுந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்மேஜையிலிருந்து எழுந்தவரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கூண்டில் நின்றபடியே கும்பிட்டார். அவர் கும்பிடவில்லை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அது எங்கள் பேச்சாக இல்லை. செய்தி வாசிக்கிறவர் தமிழாக இருந்தது.

"ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் எந்த வீட்டில் காய்ச்சுகிறீர்கள்?"

"பெரிய வூட்லங்க. உங்களுக்குத்தான் தெரியுமே சார்!"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு வயலில் இருக்கும் கட்டடத்தில் அடுப்பு எரியுமா?"

"எரியாதுங்க."

"உங்கள் தலைவீடு எது?"

"பெரிய வூடுதாங்க."

"நீங்கள் இறந்தால் எந்த வீட்டிலிருந்து எடுப்பார்கள்?"

அப்போதுதான் அப்பாவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "பெரிய வூட்லருந்துதாங்க" என்றார், மெதுவாக. "ஆனா சார், நாங்க இருக்கறது வயல்..."

"அவ்வளவுதான்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீடு அந்த நிமிஷத்தில் கட்டடம் ஆனது. காவலுக்கும் மோட்டாருக்குமான கொட்டகை, குடியிருப்பு அல்ல என்று பிற்பாடு தீர்ப்பு வந்தது.

வெளியே புளியமரத்தடியில் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "வயல் வூட்லதான் காச்சறோம்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா மாமா கொறஞ்சிருக்கும்?"

"அம்மன் பேர்ல பொய் சொல்லச் சொல்றியா? வாயி வெந்துடும்டா."

"இப்ப வூடே வெந்துச்சே!"

அந்த நேரம் அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நேராக எங்களிடம் வந்து, அப்பாவின் தோளில் கைவைத்து, மறுபடி பழைய குரலில், "தொழிலு வேற, பழக்கம் வேற அண்ணா. மனசுல வெச்சுக்காத" என்றார். அப்பா தலையாட்டினார். அப்பா வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன். இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

பொக்லைன் வந்த காலை எனக்கு அரைப்பரீட்சை. திரும்பி வந்தபோது, சிவப்புத் தரை துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில் என் கால்தடத்தைத் தேடினேன், பைத்தியக்காரன் மாதிரி. மழைக்கோட்டை மாமாவிடமே கொடுத்துவிட்டேன். பிறகு டிப்ளமோ, பகுதிநேரத்தில் பட்டம், இப்போது இந்தக் கம்பெனியில் குவாலிட்டி. பிழையைக் கண்டுபிடித்து சிவப்புக் குறி போடும் வேலை. மனிதர்களுக்குப் போட அனுமதியில்லை.

அவர் ஏறிக்கொண்டே போனார். சென்னைப் பெரிய கோர்ட்டு, டெல்லியில் ஏதோ ஒரு கமிஷன், கடைசியில் தூதர். ஒரு சாதாரண வக்கீல் இவ்வளவு தூரம் போனதற்குப் பத்திரிகைகள் உழைப்பு, நேர்மை, எளிமை என்று காரணம் எழுதின. எனக்கு வேறு காரணம் தெரியும். தூதர் வேலை என்ன? அடுத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் பேச்சில் பேச வேண்டும். கொடுத்ததை ருசித்துச் சாப்பிட வேண்டும். சொன்னதையெல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டு, தன்னை அனுப்பியவர்களிடம் போய்ச் சேர்ப்பிக்க வேண்டும். இந்தப் பயிற்சியை அவருக்கு டெல்லியிலா கொடுத்தார்கள்? எங்கள் பெரியம்மா அல்லவா சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்தாள்!

பேனர் வைத்த அன்று மத்தியானமே ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். நல்லவர்தான், மதுரைப் பக்கம்.

"தம்பி, நிலம் கொடுத்த குடும்பத்துல இருந்து படிச்சு வந்தவுக இங்க நீங்க ஒருத்தர்தான். அம்பாசிடருக்கு நீங்கதான் பொக்கே கொடுக்கணும்."

கொடுத்த குடும்பம்! பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன்கூட, இவர் எனக்குப் பல் கொடுத்தவர் என்று சொல்லத் துணியமாட்டான். "வேற யாரையாவது பாருங்க மேடம்" என்றேன்.

"ஏன், கூச்சமா?"

"கோவம் மேடம்."

நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார். பொக்கேயை ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒரு பெண் கொடுத்தாள்.

விழா புதிய ஷெட்டில் நடந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். முடி நரைத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. முதலில் ஆங்கிலம், பிறகு முதலாளிகள் பாஷையில் இரண்டு வரி. அதற்குப் பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார். "இன்னாபா, எல்லாரும் நல்லாக்கிறீங்களா?" என்றார். ஷெட்டே அதிர்ந்தது. விசில். "எனக்கு இந்த ஊரு புதுசு இல்ல. வடக்குப்பட்டுல எனக்கு ஒரு வூடு கீது. எப்ப போனாலும் கூழு கெடைக்கும்." அதற்கும் கைதட்டினார்கள். என் சூப்பர்வைசர் முழங்கையால் இடித்து, "தட்றா, கேமரா நம்ம பக்கம் திரும்புது" என்றார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இவ்வளவுதான் என் வீரம்.

அவர் சொன்ன அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியப்பா போன பிறகு அவர் பிள்ளைகள் பெரிய வீட்டை இடித்து, நீளவாக்கில் தடுத்து, வாடகை அறைகளாகக் கட்டினார்கள். சாமி அடுப்பு இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். ஆடிக் கூழ் நின்றுபோனது. கோயிலில் காண்டிராக்டர் ஒருவர் பெரிய அண்டாவில் காய்ச்சிப் பிளாஸ்டிக் டம்ளரில் தருகிறார். உங்கள் வீடு இதுதான் என்று எந்த இடத்தைக் கோர்ட்டு எங்களுக்குக் காட்டியதோ, அதே இடத்தில், வரிசையின் கடைசி அறையில், அப்பாவும் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து அறைகளில் ஒடிசாப் பையன்கள். அவர்கள் வேலை விட்டு வரும்போது 'ரூமுக்குப் போறோம்' என்பார்கள். அப்பாவும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். வீடு என்று அவர் எதையும் சொல்லிக் கேட்டு வருஷங்களாகின்றன. அந்தப் பையன்களுக்காவது ஊரில் ஒன்று இருக்கிறது.

விழா முடிந்து வந்த சாயங்காலம் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா பேசினாரு உங்க அம்பாசிடரு?"

சொல்லக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். "வடக்குப்பட்டுல எனக்கு ஒரு வூடு கீதுன்னாரு பா."

அப்பா பழுத்த இலை ஒன்றைக் கிள்ளித் தெருவில் போட்டார்.

"அவருக்காவது கீதே" என்றார்.