மணிக்கு முன்னால் ஒரு பாட்டு

உங்களைக் காப்பாற்ற ஒலிக்கும் எச்சரிக்கைக்கு முன்னால் ஒரு விளம்பரம் வந்தால், பொறுமையாகக் கேட்பீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர் அருணா. அவருடைய சித்தப்பா மலையாண்டி விசைப்படகு டிரைவர். இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டியதாக மலையாண்டி ஒருமுறை கைதாகித் திரும்பிய பிறகு, அருணா ஒரு செயலி எழுதினார். படகு எல்லையை நெருங்கினால் போனில் மணி அடிக்கும்; "எல்லை வருது, திருப்புங்க!" என்று அருணாவின் குரல் கத்தும். நிரலை அவர் பூட்டவில்லை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தார். முகம் தெரியாத காரைக்கால்காரர் ஒருவர், பேட்டரி சீக்கிரம் தீராதபடி திருத்தி அனுப்பினார்.

ஆனால் பல படகுகளில் செயலி ஓடும் அளவுக்கு நல்ல போன் இல்லை. அப்போதுதான் படகு எஞ்சின் விற்கும் கம்பெனியிலிருந்து சிவபிரகாஷ் வந்தார். எல்லாப் படகுக்கும் போன் தருகிறோம் என்றார்.

"பதிலுக்கு மணிக்கு முன்னால எங்க பேரு வரட்டும் மேடம். சின்னப் பாட்டுதான்."

கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்து, வெளிச்சத்தையே மறைத்து 'உபயம்' எழுதும் ஊர்தானே நம்முடையது! அருணாவும் சம்மதித்தார். துறைமுக வாசலில் பிளெக்ஸ் எழுந்தது. அதில் கம்பெனி முதலாளி படகைவிடப் பெரிதாகச் சிரித்தார். சோதனைக்காக முதலில் மலையாண்டியின் போனில் மட்டும் பாட்டைச் சேர்த்தார்கள்.

அடுத்த முறை கடலுக்குப் போன மலையாண்டி எல்லையைத் தொட இருந்தார். பக்கத்துப் படகுக்காரர் வயர்லெஸில் கத்தியதால்தான் திரும்பினார். செயலியில் கோளாறா? அருணா போனை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சத்தம் மட்டும் அடியோடு குறைக்கப்பட்டிருந்தது.

"சித்தப்பா, மணி அடிக்கலையா?"

"மணி எங்க அடிச்சுச்சு ஆத்தா? பாட்டுத்தான் வந்துச்சு. வெளம்பரம்னு கை தானாச் சத்தத்தைக் கொறச்சுருச்சு. டிவில வந்தா நீ மட்டும் என்ன பண்றியாம்?"

அருணா அன்றே பாட்டை நீக்கினார். சிவபிரகாஷிடம், "கரைக்கு வந்தப்புறம் ஒங்க பாட்டைப் போடுறேங்க" என்றார்.

"கரைக்கு வந்தப்புறம் யாரு மேடம் கேப்பா?"

உதவ வந்தவருக்கு, மனிதன் பயப்படும் நொடிதான் வேண்டுமாம்! போன்கள் வரவில்லை. பிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. பல படகுகள் இன்றும் மணியில்லாமல்தான் போகின்றன.

உங்கள் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனை அருணாவுக்கு அனுப்புங்கள். பின்பக்கம் உங்கள் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.