பூட்டிவிட்டுப் போன வீடு

என் கணவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் ஆபீசுக்குப் போவேன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கப்போகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை எட்டே முக்காலுக்குப் பூட்டு. மதியம் ஒன்றேகாலுக்கு வந்து திறந்து, சோறு ஊட்டி, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், துணி மாற்றி, இரண்டு மணிக்கு மறுபடி பூட்டு. சாயங்காலம் ஐந்தரைக்குத் திறப்பு. ஜெயில் வார்டனுக்காவது ஷிஃப்ட் மாறும். எனக்கு அதுவும் கிடையாது.

எங்கள் வீடு போர்ட் பிளேரில், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், பத்துபஸ்தியில் இருக்கிறது. அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்து, ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்து, பிறகு தானே காண்ட்ராக்டர் ஆனவர். அரசு குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், சின்னச் சின்னப் பாலம் எல்லாம் கட்டியிருக்கிறார். இந்த வீடும் அவர் கட்டியதுதான். நான் இங்கேயே பிறந்தவள், அரசு அலுவலகத்தில் கிளார்க். அவர் வாழ்நாளில் பாதி ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி, நாற்காலியில் இருக்கும் பெண்களையெல்லாம் 'மேடம், மேடம்' என்று கும்பிட்டுப் பழகியவர். வீட்டுக்கு வந்தால் எனக்கு மட்டும் 'ஏய்', 'இந்தா'. அதற்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

மறதி வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். முதலில் ஸ்கூட்டரை மார்க்கெட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வயசானால் அப்படித்தான் என்று நானும் திட்டிவிட்டு விட்டுவிட்டேன். பிறகு சாப்பிட்டதும் மறந்தது, மகள் பெயர் மறந்தது, பாத்ரூம் எது பூஜை அறை எது என்பதும் மறந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதுவரை அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரியே மறுபடி திட்டினேன்.

வைக்காத ஆளில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ராஞ்சிக்கார அம்மா ஒருத்தி வந்தாள், தங்கமானவள். அவளைத் திருடி என்று நினைத்து ஒருநாள் குடையால் அடித்துவிட்டார். அத்தோடு நின்றுவிட்டாள். அடுத்து வந்த ஆள் நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் பாட்டுக்கு வெளியே நடந்து ஏர்போர்ட் மதிலோரம் போய் நின்றிருக்கிறார். இடுப்பில் கைலி இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் தன் துண்டைக் கட்டிவிட்டுக் கூட்டி வந்தார். மெயின்லாண்டில், சென்னையில் இருக்கும் மகளிடம் மூன்று வாரம் விட்டுப்பார்த்தேன். புது வீட்டில் திசை தெரியாமல் சுவரைத் தடவித் தடவி அழுகிறார் என்று அவளே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். அதற்குப் பிறகுதான் பூட்டு வாங்கினேன்.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாமே என்று சொல்லாத ஆளில்லை. இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு, பென்ஷன் குறையும் என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வீட்டு வாசல் கிரில் கேட்டைச் சாத்திப் பூட்டை அமுக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு என் தோளிலிருந்து ஏதோ இறங்கும். ஸ்கூட்டியில் ஏறி மின்னி பே வளைவில் கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவேன். கட்டிய புருஷனைப் பூட்டி வைத்துவிட்டுப் பாட்டு. இதை யாரிடம் சொல்வது?

பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா, நான் தீதி என்று கூப்பிடுபவள், இரண்டு மூன்று தடவை கேட்டாள். "பாபி, ஏக் சாபி மேரே பாஸ் ரக் தோ." அண்ணி என்று கூப்பிட்டு, ஒரு சாவியைத் தன்னிடம் கொடுத்து வை என்கிறாள், நல்ல மனசோடுதான். "ஜரூரத் நஹி, தீதி", தேவையில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். உள்ளே வந்தால் மூத்திர வாடை அடிக்கும். அவர் சில சமயம் துணியில்லாமல் இருப்பார். அதை அவள் பார்ப்பாள், தெரு முழுக்கப் பேச்சாகும். என் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு சாவியும் என் கைப்பையிலேயே கிடந்தன.

போன வருடம் மழை தொடங்கும் சமயம், காலை பதினோரு மணி இருக்கும், நிலம் ஆடியது. தீவில் இது புதிதல்ல. மாதத்துக்கு ஒன்று வரும், பாதி நேரம் நாற்காலியை யாரோ உதைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு வந்தது அப்படியில்லை. ட்யூப் லைட் ஊஞ்சலாடியது, ரேக்கிலிருந்து ஃபைல்கள் சரிந்தன, சுவர் முனகியது. சுனாமி வருடத்துக்குப் பிறகு இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போட்டது போட்டபடி எல்லோரும் படியிறங்கி ஓடினோம்.

பார்க்கிங்கில் போய் நின்றோம். கடலை ஒரு கண், கட்டடத்தை ஒரு கண் பார்த்தபடி ஆளாளுக்கு போனைத் தட்டினார்கள். சுனாமி எச்சரிக்கை இல்லை என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. செக்‌ஷனில் மூத்தவள் என்பதால் நான் தலையை எண்ணினேன். பதினான்கு பேரில் ஒரு ஆள் குறைந்தது. பதறிப்போய்க் கத்தினால், அந்த மனுஷன் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டாய்லெட்டிலிருந்து ஓடி வருகிறார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். கேன்டீன்காரர் டீ கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ, நன்றாக இருந்தது.

டீயைக் குடித்துக்கொண்டேதான் மகளுக்கு போன் போட்டேன். "டிவில போடுவாங்க, நீ பயந்துறாத. நான் வெளியதான் நிக்கிறேன், ஒண்ணும் ஆகல."

"அப்பா?" என்றாள்.

கையில் டம்ளர் இருந்தது. நிலம் ஆடி ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் செக்‌ஷனில் உள்ள அத்தனை பேரையும் விரல் விட்டு எண்ணியவள், பூட்டி வைத்த மனுஷனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"நல்லாருக்காரு" என்று சொல்லி போனை வைத்தேன். மகளிடம் அவ்வளவு சுலபமாக என் வாயில் பொய் வந்தது.

சாவி மாடியில், நாற்காலியில் மாட்டிய கைப்பையில் இருந்தது. வாட்ச்மேன் படியில் குறுக்கே கை நீட்டி, "மேடம், ஃபிர் ஹிலேகா" என்றார். மறுபடி ஆடினால் ஆடட்டும் என்று அவர் கையைத் தட்டிவிட்டு ஏறினேன். ஏறும்போதே அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்மேல்தான். ஒரு டீ நிம்மதியாகக் குடிக்க விடமாட்டியா மனுஷா என்று.

வண்டியில் போகும்போது இன்னொன்றும் நடந்தது. ரோடெல்லாம் ஜனம் வெளியே நின்றது. ஜங்கிலிகாட் தாண்டும்போது கவனித்தேன், நான் வேகமாகப் போகவில்லை. வழக்கமாகப் போகும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். கூரை விழுந்திருந்தால்? விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, கடவுள் செயல் என்பார்கள். அந்த நினைப்பு வந்து என்னோடு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தது. நான் அதை விரட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கேட்டின் முன்னால்தான் கூட்டம். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் கடப்பாரையைப் பூட்டில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தீதி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

"பாபி, தும் பாஹர் ஹோ?"

நான் வெளியில் இருப்பதில் அவளுக்கு ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்று எனக்கு விளங்கவில்லை. அவள்தான் மூச்சு வாங்கச் சொன்னாள். நிலம் ஆட ஆரம்பித்ததிலிருந்து அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாராம். "அந்தர் அவுரத் ஹை. மேரி கர்வாலி அந்தர் ஹை. தாலா தோடோ." உள்ளே பெண் இருக்கிறாள், என் வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள், பூட்டை உடையுங்கள் என்று. நான்தான் லீவு போட்டு வீட்டில் இருந்து, மயங்கி விழுந்துவிட்டேன் என்று தெருவே நம்பியிருக்கிறது. தன்னை வெளியே விடச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம்.

சாவியை எடுத்து நீட்டினேன். தெலுங்குக்காரர் வாங்கித் திறந்து, பூட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அவர் வெளியே ஓடி வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "மேடம், நல்ல வேளை வந்தீக. வாங்க, சீக்கிரம். எங்கயோ மாட்டிக்கிட்டா."

வீட்டைப் புரட்டிப் போட்டிருந்தார். பீரோவிலிருந்த என் சேலைகள் எல்லாம் தரையில் கிடந்தன. கட்டிலை இழுத்துப் போட்டு அடியில் பார்த்திருக்கிறார், முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தார், சமையலறைக்குப் போனார், திரும்ப பாத்ரூமுக்கு வந்தார். ஆள் நிற்க முடியாத அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

"இங்க பாருங்க. நான்தாங்க. நான்தான் அது."

நின்று என்னைப் பார்த்தார். ஆபீசில் ஒரு மேடம் தப்பான ஃபைலை எடுத்துக் கொடுத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, மரியாதையாக. "நீங்க ஆபீஸ்ல இருக்குறவுக, ஒங்களுக்குத் தெரியாது மேடம். அவ ஒரு பிடிவாதக்காரி. கூப்பிட்டா வரமாட்டா. அடுப்ப அணைக்கிறேன், பாலை இறக்குறேன்னு நிப்பா. ஆளு வாய்தான் பெருசு, பயந்தவ."

மறுபடி ஆடுவதற்குள் அவரை வெளியே கொண்டுபோக வேண்டும். "ஒங்க வீட்டுக்காரம்மா இங்க இல்லைங்க. ஆபீசுக்குப் போயிருக்காக. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

"பாத்தீகளா? வெளிய வந்துட்டாளா?"

"வெளியதான் நிக்கிறாக. டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக."

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. "டீ குடிக்கிறாளா? அப்பச் சரி" என்றார். அதற்குப் பிறகு குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

இப்போது ஒரு சாவி தீதியிடம் இருக்கிறது. பத்தரை மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறாள். வாடையைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் அவளிடம் மன்னிப்பு கேட்டேன், அவள் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நிலம் ஆடியதற்கு மறுநாள் காலையிலும் எட்டே முக்காலுக்கு நான் பூட்டத்தான் செய்தேன். இன்று காலையிலும் பூட்டினேன். மகளிடம் கால் மணி நேரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வண்டியில் வந்த நினைப்பைப் பற்றிச் சொல்லவே மாட்டேன்.

அன்றைக்கு அவரைத் தெருவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். தீதி முழங்காலுக்கு டெட்டால் போட்டாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் இன்னும் அந்தப் பூட்டு இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு மேடம் பூட்டுனது?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து சொன்னது போதும் என்று தோன்றியது. "நான்தான்" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஆள் இருக்குறது தெரியாமப் பூட்டியிருப்பீக. மனசுல வச்சுக்கிறாதீக."

"ஆமாங்க" என்றேன். "தெரியாமத்தான் பூட்டிட்டேன்."