தேவசகாயம் சாட்சி சொல்லப் போன வழி

அண்ணாமலை நகரில் ஹாஸ்டல் மெஸ் மேற்பார்வையாளராக இருந்த தேவசகாயம் ஜெபத்தில் படுவேகக்காரர். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் பி.முட்லூர் தாண்டுவதற்குள் ஜெபமாலை முழுவதையும் உருட்டி முடித்துவிடுவார். ஆண்டவரின் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்தால் அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம்.

அப்பேர்ப்பட்டவருக்கு மனக்கண்ணால் ஜெபிக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தது எந்தச் சாமியாரும் அல்ல. பொய்ச்சாட்சி தயாரிப்பதில் பேர்போன வக்கீல் வைத்திலிங்கம்.

2009இல் அண்ணாகிராமம் பக்கம் மைத்துனர் அன்புமணியின் முந்திரிக் கொட்டகை எரிந்துபோனது. பக்கத்துக் கொல்லைக்காரர் பக்கிரிதான் கொளுத்தினார் என்று கேஸ். யாரும் பார்க்கவில்லை. ஆகவே தேவசகாயம் பார்த்திருக்கிறார் என்று குடும்பத்தில் முடிவாயிற்று. அவர் மகள் சிந்துஜாவை அன்புமணியின் மகனுக்குத்தான் பேசியிருந்தார்கள்.

"சாட்சி சொல்லிட்டு வாங்க மாமா, அடுத்த ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓல வாசிச்சு ஊரறிய அறிவிச்சிடலாம். இல்லாட்டி..." என்று அன்புமணி பைக் சாவியைச் சுழற்றினார்.

வைத்திலிங்கம் பாடம் எடுத்தார். "மனப்பாடம் பண்ணாதீங்க சார், குறுக்கு விசாரணையில கிழிஞ்சிடும். கண்ண மூடி அந்த எடத்துக்கே போயி நில்லுங்க. காத்து எந்தப் பக்கம்? மூக்குல என்னா நெடி? தீ வெளிச்சத்துல யார் மொகம் தெரியுது? பாக்காதத பாக்கணும் சார், அதான் சாட்சி."

விசாரணை நாளன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒத்திகை பார்த்தபடியே மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு நடந்தார். வானம் கறுத்துக் கிடந்தது. கெடிலம் பாலத்தின் நடுவில், மூடிய கண்ணுக்குள் கொட்டகை தீப்பிடித்தது. முந்திரி ஓட்டுப் புகை கண்ணைக் கரித்தது. தன் திறமையில் அவருக்கே ஒரு பெருமை. ஆனால் பக்கிரிதான் வரமாட்டேன் என்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். தீ மெல்லச் சுருங்கி ஒரு முற்றத்தில் கரி நெருப்பாயிற்று. சுற்றிலும் குளிர்காய்கிறவர்கள். புனித வெள்ளிதோறும் நின்றபடியே தூங்கிக்கொண்டு கேட்ட வரலாறு அது. இயேசுவை விசாரித்த தலைமைக் குருவின் வீடு. நடுவில் கை கட்டப்பட்டு ஒருவர். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒரு வரிசை.

"யோவ் பெருசு, ஆத்துல வுழவா போற?" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

கண்ணைத் திறந்தும் பயனில்லை. டீக்கடையைத் தாண்டியும் வரிசை கூடவே நகர்ந்தது. குளிர்காய்ந்தபடி அவரைத் தெரியாது என்ற பேதுருவாகவாவது நின்றுகொள்ளலாம், அவர் பிற்பாடு அழுதாராவது என்று தேவசகாயம் நெருப்புப் பக்கம் நழுவப் பார்த்தார். அங்கே இடமில்லை. வரிசையில் முன்னால் நின்றவன் திரும்பினான்.

"நீங்க என்னா பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல."

"அப்ப சரியான வரிசதான். நில்லுங்க."

கட்டப்பட்டவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடம் பயந்த கேள்வி இதோ வருகிறது என்று தேவசகாயம் காத்திருந்தார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கோர்ட் வாசலில் அன்புமணி பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். "ஏன் மாமா இப்பிடி வேர்த்து ஊத்துது?"

"நடந்து வந்தேன் மச்சான்."

"ஆட்டோ புடிச்சிருக்கலாமே."

பிடித்திருக்கலாம்தான்.

பெயரை மூன்று முறை கூவினார்கள். எதிரே பக்கிரி கைகட்டி நின்றார். "தீ வச்சது யாருன்னு பாத்தீங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். தேவசகாயம் பாடம் மறக்காமல் கண்ணை மூடினார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வரிசையில் அவருடைய முறை வந்துவிட்டிருந்தது.

"பாக்கலங்க. நான் அங்க இல்லவே இல்ல."

"பின்ன எங்க இருந்தீங்க?"

"மெஸ்ல சோறு போட்டுகிட்டிருந்தேங்க."

பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். முதல் ரேங்க் மாணவன் வெற்றுத்தாளை நீட்டியதைப் பார்த்த வாத்தியார்போல வைத்திலிங்கம் தலையில் கைவைத்தார்.

திரும்பும்போதும் நடந்தே வந்தார். பின்னால் ஒரு பைக், முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை, உறுமியபடியே வந்தது. சிந்துஜாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கல்யாண ஓலை இனி வாசிக்கப்படப் போவதில்லை. பாலம் வந்தது. தேவசகாயம் திரும்பிப் பார்க்காமல் ஜெபமாலையை எடுத்து முதல் மணியைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்த மணிக்குப் போக அவருக்கு அவசரமே இல்லை.