ஒருநாள் முந்திய தீபாவளி

டெல்லியில் தமிழர்களின் தீபாவளி பெரும்பாலும் ஒருநாள் முன்னதாகவே வந்துவிடும். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பக்கத்து வீட்டு இந்திக்காரர்கள் கண் விழிப்பதற்குள் நம் பண்டிகை முடிந்திருக்கும். ஊர் விளக்கேற்றுவது மறுநாள் மாலையில்தான். இதெல்லாம் இப்போது தெரியும். பதினான்கு வயதில் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். என்னோடு தனியாக வந்த அம்மா, எண்ணெய்க்குளியலையும் சேர்த்தே விட்டுவிட்டாள். லக்ஷ்மிபாய் நகரில் எல்லோரும் விளக்கு வைக்கும் மாலையில் நாங்களும் வைப்போம். அதுதான் எங்களுக்குத் தீபாவளி.

அப்பா கிட்வாய் நகரில் இருந்தார். நடந்தே போய்விடலாம், நான்தான் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை, தலைவலி, தோழியின் பிறந்தநாள் என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பேன். போனாலும் அவர் தமிழில் கேட்பதற்கு நான் இந்தியில், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அந்த வருடம் அவர் அம்மாவிடம் தயங்கித் தயங்கி, இந்தத் தீபாவளிக்கு மட்டும் என்னை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அம்மா சம்மதித்தாள். நானும் பெரிய மனசு பண்ணிச் சரி என்றேன்.

பண்டிகைக்கு முதல்நாள் என்று நான் நினைத்திருந்த அன்று சாவகாசமாக எழுந்தேன். போனில் அப்பாவின் மிஸ்டு கால்கள் வரிசையாக இருந்தன. முதலாவது, விடிவதற்கு முன்பே வந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு வருவதற்கு இன்றைக்கே தொந்தரவா? நாளை சாயங்காலம்தான் வருவேன் என்று மெசேஜ் அனுப்பினேன். சரிம்மா என்று உடனே பதில் வந்தது.

மறுநாள் நான் போனபோது தெருவெங்கும் பட்டாசுப் புகை. அப்பா வாசலில் ஒரு விளக்குகூட வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவசரமாக மெழுகுவத்தி கொளுத்தினார். எப்போதோ வார்த்த இட்லியைச் சூடுபண்ணித் தந்தார். பெண்ணை வரச்சொல்லிவிட்டு ஓர் ஏற்பாடும் செய்யாத மனிதர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து ஒரு சல்வார் கமீஸ் கொண்டுவந்தார். சரோஜினி நகரில் அலைந்து வாங்கினாராம். வெளிர்நீலம், எனக்குப் பிடித்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று குற்றம் தேடிப் புரட்டினேன். கழுத்தின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு கறை.

"இதுல கறை இருக்கு. பாத்து வாங்கமாட்டீங்களா?"

அப்பா அந்த இடத்தை விரலால் தடவினார். "அச்சா, நான் கவனிக்கலைம்மா. கடைக்காரன் ஏமாத்திட்டான். வேற வாங்கித் தர்றேன்."

மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வெளியே ஊரே வெடித்துக்கொண்டிருக்க, நான் ஒற்றையாக உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இவருக்கும் ஒட்டவே ஒட்டாது என்று தோன்றியது. ஏனோ அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குத் துணி வாங்கத் தெரியாத கதையை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கறை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். நேற்று அவர் போன் செய்தாரா, எப்போது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது புதுத்துணிக்கு வைக்கும் மஞ்சள் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நாளைக்கும் அவரைப் போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

இப்போதுதானே வந்தேன், திரும்பவும் எதற்கு என்று கத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.