குரங்கணியில் பார்த்த சாம்பிள்

சாம்பிள் பார்க்காமல் போடியில் எவனும் ஏலக்காய் வாங்க மாட்டான். ஒரு லாட் இருநூறு கிலோ இருக்கும். அதிலிருந்து ஒரு கைப்பிடி தட்டில் வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, பச்சை எப்படி, பருமன் எப்படி என்று பார்த்து, ஒரு காயைப் பிளந்து உள்ளே விதையரிசியின் நிறம் பார்த்து, வாயில் போட்டு மென்று, அந்த ஒரு கைப்பிடியை நம்பி மொத்த லாட்டுக்கும் விலை சொல்வோம். இருபது வருடத்துக்கு மேலாக நான் இப்படித்தான் பிழைக்கிறேன். ஏமாந்தது மிகக் குறைவு. அதனால் எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. சாம்பிளை மட்டும் கண்ணில் காட்டு, அதற்குப் பிறகு எங்களை எவனும் ஏய்க்க முடியாது என்கிற திமிர்.

எங்கள் வட்டத்தில் ஒரு தரகர் இருந்தார். மலைத் தோட்டக்காரர்களிடம் காய் பேசி எங்களுக்கு முடித்துக் கொடுப்பவர். ஒருநாள் ஏலம் முடிந்து நாங்கள் ஐந்தாறு வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனை நீட்டினார்.

"இதப் பாருங்கண்ணே. சினிமாக் கம்பெனி பங்கு. ஒண்ணு மூணு ரூவாகூட இல்ல."

பெரிய நடிகர்களை வைத்துப் படம் எடுக்கிற கம்பெனி இல்லையாம். சின்னப் படங்கள், பாட்டு சண்டை இல்லாத படங்கள். வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பிப் பரிசு வாங்கி, பிறகு போனில் படம் காட்டுகிறவர்களுக்கு நல்ல விலைக்கு விற்பார்களாம். அவ்வளவையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

நான்தான் நக்கலாகச் சொன்னேன். "சாம்பிள் பாக்காம நான் ஒண்ணும் வாங்குறதில்லப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். தரகர் சிரிக்கவில்லை. "பாத்துருவோம்ணே. அவுக படம் நம்ம குரங்கணியிலதான் எடுத்துக்கிட்டிருக்காக. நாளைக்குக் காலையில ஜீப்பு சொல்றேன், வெரசாக் கெளம்பி வாங்க."

வேறு ஊரில் இதே ஆள் இதே பங்கை விற்கப் போயிருந்தால் வரவு செலவு அறிக்கையைக் காட்டியிருப்பார். எங்களுக்கு அது எதற்கு? எங்களுக்கு எதைக் காட்டினால் விழுவோம் என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருடமாக எங்களுக்குச் சாம்பிள் காட்டுகிறவர்.

மறுநாள் ஆறு பேர் ஜீப்பில் போனோம். குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு ஜெனரேட்டர் வண்டி நின்றது. இரண்டு வேன், ஒரு குடை, குடைக்கு அடியில் தொப்பி வைத்த டைரக்டர். ஒரு பெரியவர் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் ஏறினார். டைரக்டர் கத்தினார். பெரியவர் இறங்கிப் போய் மறுபடி ஏறினார். ஏழெட்டுத் தடவை அதே ஏற்றம். நாங்கள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளை ஷூ போட்ட மேனேஜர் ஒருவர் எங்கள் ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

நான் கேட்டேன், "படத்துல கதை என்னங்க?"

"ஒரு பெரியவர் மலையேறுறார் சார். அவ்வளவுதான் கதை. வெளிநாட்டுல இப்படித்தான் சார் விரும்பிக் கேக்குறாங்க."

நாங்கள் ஆறு பேரும் தலையாட்டினோம். காய்க்கு ஈரப்பதம் கால் சதவீதம் கூடினால் தோட்டக்காரனை உண்டு இல்லை என்று பண்ணுகிற ஆறு பேர். ஒருவர் எழுந்து போய்க் கேமரா நிற்கிற முக்காலியின் காலைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் ஜெனரேட்டருக்கு மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று டிரைவரிடம் விசாரித்துவிட்டு, செலவு நிஜமான செலவுதான் என்று எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, மொத்தம் எத்தனை கோடிப் பங்கு, இதற்குமுன் எடுத்த படம் எங்கே விற்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியம் பிரியாணி போட்டார்கள். வயிறு முட்டத் தின்றோம். இறங்கும்போது ஜீப்பில் நான்தான் சொன்னேன், "சரக்கு இருக்குப்பா. கண்ணால பாத்தாச்சு." என் பேச்சுக்கு அந்த வட்டத்தில் மதிப்பு உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் வாங்கிவிட்டோம்.

பங்கு ஏறியது. தினமும் ஏறியது. ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்று வரம்பு உண்டு. காலையில் சந்தை திறந்த உடனே அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிடும். அதற்கு அப்பர் சர்க்யூட் என்று பெயர். வாங்க ஆள் உண்டு, விற்க ஆள் இல்லை. இதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையில் மழை பொய்த்து வரத்து நின்றால் காய் விலை எங்கே போகும் என்று பார்த்தவர்கள் நாங்கள். "வரத்தே இல்லண்ணே," என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டோம். விற்காமல் வைத்திருக்கிறவர்கள் யார், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி வரவில்லை.

அந்த இரண்டு மாதம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. காய் பிரிக்கும் பெண்களுக்குக் கூலி பத்து ரூபாய் கூட்டக் கேட்டால் பத்து நாள் இழுத்தடிக்கிறவர்கள், சினிமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஒருவர் தன்னை முதலீட்டாளர் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டார். நான் மட்டும் யோக்கியமா? கடையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனைப் பார்த்துச் சத்தமாக லாபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைக் கேட்டுத்தான் அவள் வந்தாள். என் கடையில் பதினாலு வருடமாகக் காய் பிரிக்கிறவள். சிலமலையில் வாடகை வீடு. புருஷன் இல்லை, ஒரே மகள், கல்லூரிப் படிப்பு. வீட்டின் சொந்தக்காரர் அந்த வீட்டை விற்கப்போவதாகவும், தை முடிவதற்குள் பணம் புரட்டினால் அவளுக்கே தருவதாகவும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு முடித்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். மகளிர் குழுக் கடன், சேர்த்த பணம், நகை எல்லாம் போட்டும் ஒன்றரை லட்சம் குறைந்தது. கையில் இருந்ததில் பாதியைக் கொண்டுவந்தாள்.

"எனக்கும் அதுல போட்டு விடுங்கண்ணே. நீங்க பாத்த சரக்குன்னா சரியாத்தான் இருக்கும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுடைய போனிலேயே கணக்கு ஆரம்பித்து, ரகசிய எண்ணையும் நானே வைத்து, பங்கு வாங்கிக் கொடுத்தேன். எண்ணைச் சொன்னபோது, "எனக்கெதுக்குண்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். தினமும் வேலைக்கு வந்ததும் போனை என் மேசையில் வைத்துவிட்டுச் சல்லடைக்குப் போவாள்.

மார்கழி பாதியில் அவளுடைய பணம் இரட்டிப்பாகிவிட்டது. குறைந்த ஒன்றரை லட்சம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"போதும்ணே, எடுத்துருவமா? வீட்டுக்காரரு கையில குடுத்துட்டா எனக்கு நிம்மதி."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "வெல ஏறுறப்ப சரக்க வெளிய விடுவாகளா ஆத்தா? தை முடிய இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு. வீட்டுக்கு மேல மகளுக்கு ஒரு வண்டியும் சேத்து வாங்கு." சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள். போய்விட்டாள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் பங்கு இறங்கியது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. காலையிலேயே அடிமட்டத்தைத் தொட்டு நின்றது. தரகர் போனை எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்போதும் பதறவில்லை. ஏலத்தில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தோட்டக்காரர் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார், அடுத்த ஏலத்தில் வைப்பார். காய் எங்கே போய்விடப் போகிறது? "வெல கட்டல, இருப்பு வைப்போம்" என்றார்கள். இரண்டு பேர் மலிவு என்று இன்னும் வாங்கினார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் நாளும் அடிமட்டம். அன்று குரங்கணி ஜீப் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். சினிமாக்காரர்கள் நாங்கள் போய் வந்த இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிட்டார்கள் என்றும், தனக்கு வாடகை பாக்கி என்றும் சொன்னார். படமே எடுக்கவில்லை. எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் மேசையில் இருந்தேன். என் போன் இடது பக்கம். அவள் போன் வலது பக்கம். உள்ளே பெண்கள் காய் புடைக்கிற சத்தம். சந்தை திறந்ததும் யாரோ கொஞ்சம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் வாங்குவார்கள் என்று தெரியாது. முதலில் விற்கப் போட்டவனுக்கு முதலில் போகும்.

நான் என்னுடையதை விற்றேன். முழுதும் போனது. போட்ட பணம் சேதாரமில்லாமல் திரும்பியது, மேலே நல்ல லாபமும்கூட. அதற்குப் பிறகுதான் அவள் போனை எடுத்தேன். ரகசிய எண்ணை ஒருமுறை தப்பாக அடித்தேன். மறுபடி அடித்து, விற்கப் போட்டேன். வாங்க ஆள் இல்லை. சாயங்காலம் வரை அப்படியே நின்று, தானாக ரத்தானது. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் பங்குச் சந்தைக்காரர்கள் அந்தப் பங்கை வாரத்துக்கு ஒருநாள்தான் விற்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த ஒருநாளிலும் வாங்க நாதி இல்லை.

அவளுடையது சின்னக் கணக்கு. அதை முதலில் போட்டிருந்தால் முழுதும் போயிருக்கும், என்னுடையதிலும் பாதிக்கு மேல் தேறியிருக்கும். இது அன்று காலையே எனக்குத் தெரியும். யோசிக்க நேரமில்லாமல் கை தானாகப் போய்விட்டது என்று எழுதலாம்தான். அது பொய். வலது பக்கம் இருந்த போனை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இடது பக்கத்தை எடுத்தேன்.

அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த தூசியைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களதும் மாட்டிக்கிச்சாண்ணே?"

"ஆமாத்தா."

"உங்களது நெறையால்ல இருக்கும்." சல்லடையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "விடுங்கண்ணே. நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீக? ஒடம்பப் பாத்துக்கங்க."

தை முடிந்தது. வீடு வேறு ஆளுக்குப் போனது. ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாள். வண்டி நான் கொடுத்தேன். வாடகை வேண்டாம் என்றேன். அதற்கு அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மகள் கல்லூரியை நிறுத்தவில்லை, வார விடுமுறையில் அவளும் காய் பிரிக்க வருகிறாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம் என்று நானும் தினமும் நினைத்தேன். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கொடுக்காமல் இருந்தேன்.

ஏமாந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போலீசில் மனுக் கொடுப்பது என்று பேசி முடிவானது. எங்கள் ஆறு பேரைப் பார்த்து வாங்கியவர்கள் நாற்பது பேருக்கு மேல். என் கடையில்தான் கூடினார்கள். வெட்கத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் டீயும் வடையும் தங்குதடையில்லாமல் தீர்ந்தன. ஒரு வக்கீல் குமாஸ்தா நீளக் காகிதத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். பெயர், பங்கின் எண்ணிக்கை, இழந்த தொகை, கையெழுத்து. வேலை செய்யும் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தால் மனுவுக்கு இரக்கம் கூடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவளை உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். குமாஸ்தா பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. என்னைக் காட்டினாள்.

"மொதல்ல அண்ணன் எழுதட்டும். அவருக்குத்தான் ரொம்பப் போயிருச்சு. எனக்காகத்தான் வெளிய சொல்லாம இருக்காரு."

பேனா என் பக்கம் திரும்பியது. எல்லோரும் பார்த்தார்கள். நான் வாங்கி, முதல் வரியில் என் பெயரை எழுதினேன். விற்றுவிட்ட பங்குகளின் எண்ணிக்கையை எழுதினேன். இழக்காத தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவள் குனிந்து என் வரியைப் பார்த்து, "இவ்வளவாண்ணே" என்று வாயில் கை வைத்தாள். பிறகு அதற்குக் கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.