வான்மோவின் காதில் ஒரு சிவப்பு நாடா

எங்கள் மேய்ச்சல் முகாமில் புண்ணியம் தேட எளிய வழி ஒன்று உண்டு. சடைமுடி மலைமாடான யாக் ஒன்றின் காதில் சிவப்பு நாடா கட்டிவிட வேண்டும். அதன்பின் அதை யாரும் அறுக்கக் கூடாது, சுமை ஏற்றக் கூடாது, விரட்டவும் கூடாது. அது விடுதலையான உயிர்.

முந்நூறு யாக்குகளுக்குச் சொந்தக்காரரான ரப்தென், வயிற்றுவலி வந்தபோது மொட்டைக்கொம்பனுக்கு நாடா கட்டினார். ஒரு கொம்பு முறிந்து, முழங்கால் வீங்கி, சுமைக்கு உதவாத கிழட்டு யாக் அது. சிலருக்குக் கருணை, பயன் தீர்ந்த பொருளின் மேல்தான் சுரக்கிறது. வலி நின்றது. மூன்று நாள் அவர் இறைச்சி தின்னாததுதான் காரணம் என்றேன், யார் கேட்டார்கள்?

மொட்டைக்கொம்பன் தன் விடுதலையை வான்மோவின் உலர்புல் போரில் கொண்டாடியது. வான்மோ கணவனை இழந்தவள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பால் யாக்கும் அதன் கன்றும். பனி மூடும் ஐந்து மாதங்களுக்கு அவற்றுக்காகக் கையாலேயே புல் அறுத்துக் காயவைத்துப் போர் போட்டிருந்தாள். அதுபோக, ரப்தெனின் நாற்பது பால் யாக்குகளைத் தினமும் கறப்பதும் அவள்தான். கூலி, மீந்த மோர். ஏன் என்று கேட்டால், வழக்கம்.

“அண்ணே, உங்க கிழடு என் போரைத் திங்குது. வந்து ஓட்டிட்டுப் போங்க.”

“நான் எப்படி ஓட்டுறது? பாவம் புடிக்கும். நீ குடுத்து வச்சவ, வான்மோ. புண்ணியம் வீடு தேடி வருது.”

“வந்த புண்ணியம் பாதிப் போரைத் தின்னுட்டு சாணி போடுது. பனியில என் கன்னு எதைத் திங்கும்?”

“அதுக்கும் ஒரு நாடா கட்டிவிடேன்!” என்று ரப்தென் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் காலை வான்மோ கறக்க வரவில்லை. நேராக ரப்தெனின் கூடாரத்துக்குள் போய், அடுப்போரம் அவருடைய மெத்தையில் உட்கார்ந்து, அவருடைய கிண்ணத்திலேயே வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக் குடித்தாள். அவள் காதில் சிவப்பு நாடா.

“எந்திரிடி!” என்று ரப்தெனின் மனைவி கத்தினாள்.

“விரட்டாதீங்க அக்கா, பாவம். அந்த உலர்ந்த இறைச்சிய இப்படித் தள்ளுங்க.”

முகாம் கூடியது. மடத்திலிருந்து வந்த துறவி நெடுநேரம் ஏடு புரட்டினார்.

“பொம்பளை நாடா கட்டிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா சாமி?” என்றார் ரப்தென்.

“போடலியே. எழுதினவருக்கு அப்படி ஒருத்தி கட்டிக்குவான்னு தோணல போல.”

அப்படியானால் பெண் ஓர் உயிரா என்பது கேள்வியாயிற்று. அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் கை தூக்கி முடிவு செய்தோம்: உயிர்தான். மூன்று பேர் தூக்கவில்லை. மூவரும் கல்யாணம் ஆனவர்கள்.

“சரி, என்னதான் வேணும் உனக்கு?” என்றார் ரப்தென்.

“போரு பழையபடி நிறையட்டும். அதை உங்க கிழடு தொடாம இருக்கட்டும். நான் என் கூடாரத்துக்குப் போயிடறேன். இல்லேன்னா, அதோட நாடாவை அவுத்துடுங்க.”

நாடாவை அவிழ்த்தால் வயிற்றுவலி திரும்பிவிடும். ரப்தென் தம் முதுகிலேயே புல்கட்டுகளைச் சுமந்து வந்து போரை நிரப்பினார். ஆனால் மொட்டைக்கொம்பன் நகரவில்லை. விரட்டத்தானே கூடாது? அழைக்கலாமே!

அந்தப் பனிக்காலம் முழுவதும், கை நிறையத் தம் சொந்தப் புல்லை ஏந்தி, “வாங்கய்யா, வாங்க” என்று கெஞ்சியபடி ரப்தென் பின்னோக்கி நடந்தார். மொட்டைக்கொம்பன் நாலடி வரும், கைப்புல்லைத் தின்னும், படுத்துக்கொள்ளும். அவர் ஓடிப்போய் இன்னொரு கட்டுக் கொண்டுவருவார். அவருடைய நாற்பது யாக்குகளை அவர் மனைவி கறந்தாள், அவரைத் திட்டிக்கொண்டே.

பனி உருகியபோது வான்மோவின் போரில் இரண்டு கட்டுப் புல் மீந்திருந்தது. கன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. அவள் காது நாடா மட்டும் வெளுத்துப் போயிருந்ததால், புதிதாக ஒன்று கட்டிக்கொண்டாள்.